மெருகில்லாப் பீங்கான் சிலையில் உப்பும் துருவும் பொய் முத்திரையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கில் ஒரு சிறுநகரம். அத்தை காலமான பிறகு அவர் வீட்டுப் பொருள்களை அண்ணனும் தங்கையும் பங்கிட்டுக்கொண்டார்கள். அவற்றில் ஒன்று மெருகு பூசாத வெள்ளைப் பீங்கானில், அதாவது பிஸ்க் பீங்கானில் செய்த, ரோமானியக் காதல் தெய்வமான கியூபிட்டின் சிலை. மேகத்தின்மேல் உட்கார்ந்த, சிறகு முளைத்த சிறுவன். ஒரு கையின் சுட்டுவிரல் உதட்டில் இருக்கிறது. மற்றக் கை அம்பறாத்தூணியிலிருந்து அம்பை உருவுகிறது. உயரம் 20.6 செ.மீ., எடை 740 கிராம். அடிப்புறத்தில் நீல நிறத்தில் பின்னிய இரண்டு ‘எல்’ எழுத்துகள், அவற்றின் நடுவே ஒரு ‘எச்’. பிரான்சின் செவ்ர் பீங்கான் ஆலை ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் எழுத்து இட்டது; அந்த வரிசையில் 1753-க்கு ‘ஏ’ என்று தொடங்கினால் ‘எச்’ 1760-ஐக் குறிக்கும். “1760-ஆம் ஆண்டு செவ்ர்” என்றே குடும்பத்தில் இரண்டு தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள்.

சிலை நெடுங்காலம் கண்ணாடிக் கவிகைக்குள் இருந்தது. கவிகை உடைந்த பின் கணப்பு அடுப்பின் மேல்தட்டில் திறந்தபடியே இருந்து புகையும் தூசும் படிந்து சாம்பல் நிறமாகிவிட்டது. விற்கலாம் என்று முடிவானதும் தங்கை அதை ஒரு வாளியில், நீர் கலந்த ஜாவெல் நீரில் ஓர் இரவு முழுக்க ஊறவைத்தார். துணி வெளுக்க அங்கே எல்லா வீட்டிலும் இருக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்தான் அது. பிறகு குழாய் நீரில் அலசி வெயிலில் காயவைத்தார். சில வாரம் சிலை பளிச்சென்று இருந்தது. அதன் பிறகு ஒரு சிறகின் அடியிலும் உதட்டு விரலைச் சுற்றியும் மாவு போல் வெண்பொடி பூத்தது. தட்டினால் உதிர்ந்தது, மீண்டும் பூத்தது. மூன்றாம் மாதம் அதே சிறகின் வேரில் பழுப்பு வளையம் ஒன்று தெரிந்தது.

ஏலம் நடத்துபவரிடம் கொண்டுபோனபோது, துறை அறிந்த ஒருவரின் எழுத்துபூர்வ அறிக்கை இல்லாமல் பட்டியலில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் சிலை பீங்கான் சீரமைப்பில் அனுபவமுள்ள கன்சர்வேட்டர், அதாவது பழம்பொருள் பேணுநர் ஒருவரிடம் வந்தது. உடன்பிறந்தவர்கள் கேட்டவை மூன்று: கறையை நீக்க வேண்டும், உதிரும் பொடியை நிறுத்த வேண்டும், மங்கிப்போன முத்திரையைச் சற்றுத் தெளிவாக்க வேண்டும்.

மாதிரியைப் பற்றிச் சில குறிப்புகள்

இந்தக் கியூபிட் உருவத்தை முதலில் உருவாக்கியவர் பிரெஞ்சுச் சிற்பி எத்தியேன் மொரீஸ் ஃபால்கொனே. பதினைந்தாம் லூயி மன்னரின் காதலி மதாம் த பொம்பதூருக்காக அவர் செதுக்கிய பளிங்குச் சிலை 1757-இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதே ஆண்டு அவர் செவ்ர் ஆலையின் சிற்பப் பிரிவுக்குப் பொறுப்பேற்று 1766 வரை அங்கே இருந்தார். 1758-இல் கியூபிட் பிஸ்க் பீங்கானில் வந்தது. அதற்கு இணையாக, புராணத்தில் கியூபிட்டின் காதலியான சைக்கியின் சிலை 1761-இல் வந்தது. 1740-இல் வென்சேனில் தொடங்கி, 1756-இல் செவ்ருக்கு இடம்பெயர்ந்து, 1759-இல் பதினைந்தாம் லூயி மன்னருக்கே சொந்தமான ஆலை அது.

மெருகிடாமல் விடும் வழக்கம் அந்த ஆலையில் 1750-களின் தொடக்கத்தில் வந்தது. மெருகு என்பது உருகிப் படியும் கண்ணாடி. சிறு மடிப்புகளிலும் விரல் இடுக்கிலும் தேங்கி, சிற்பி செதுக்கிய கூர்மையை மழுக்கிவிடும். அது இல்லாவிட்டால் சிலை பளிங்கு போலத் தெரியும், உளியின் கடைசிக் கோடும் நிற்கும். அதற்கு விலையும் உண்டு. களியில் கரும்புள்ளியோ கீறலோ இருந்தால் மறைக்க மேற்பூச்சு கிடையாது. ஆகவே சூளையிலிருந்து பழுதின்றி வந்தவை மட்டுமே விற்பனைக்குத் தேறின. விருந்து மேசையில் சர்க்கரையில் செய்து வைத்த உருவங்களின் இடத்தை இவை பிடித்தன.

பின்னாளில் பேணுபவருக்கும் இதே இயல்புதான் சிக்கல். மெருகிட்ட தட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் பசையும் மேலே நிற்கும், துடைத்தால் போகும். பிஸ்க் மேற்பரப்பு நுண்ணிய மணல்தாள் போன்றது. பட்டது எதுவும் அந்தக் குழிகளில் இறங்கித் தங்கும். தவறான திரவமும் அப்படியே தங்கும்.

ஃபால்கொனேயின் கியூபிட் 19-ஆம் நூற்றாண்டு முழுக்கப் பல ஆலைகளில் நகலெடுக்கப்பட்டது. சந்தையில் இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அந்த நகல்களே. இந்தத் தகவல் கையில் இருந்ததால், கழுவும் வேலை எதையும் தொடங்குமுன் இது என்ன பொருள் என்று முடிவுகட்டுவது என்று கன்சர்வேட்டர் ஏற்பாடு செய்தார். அழுக்கும் பழைய பசையும் முத்திரையும் சாட்சிகள். கழுவிவிட்டால் சாட்சி போய்விடும்.

கவனித்தவை

முதலில் படங்கள்: சாதாரண ஒளியில், பக்கவாட்டில் சாய்ந்து விழும் ஒளியில், இருட்டறையில் நீள அலைப் புற ஊதா விளக்கில். தூசைக்கூடத் தட்டாமல் எடுத்தவை.

புற ஊதா ஒளியில் சிறகின் வேரைச் சுற்றி ஆரஞ்சு நிறக் கோடு ஒளிர்ந்தது. அரக்குப் பசையின் அடையாளம் அது. தோள்பட்டையில் ஏறக்குறைய 3 செ.மீ. அகலத்துக்கு மங்கிய திட்டு தெரிந்தது; பழைய ஒட்டை மறைக்க யாரோ அடித்த வண்ணம், ஒட்டைத் தாண்டி நல்ல பகுதியிலும் பரவியிருந்தது. உதட்டு விரல் முழுவதும் வேறு பொருள். ஊசி முனையால் தொட்டபோது மாவாக உதிர்ந்தது, பிளாஸ்டர். முத்திரையின் மேல் மஞ்சள் கலந்த பச்சை ஒளிர்வு: வார்னிஷ்.

மெருகே இல்லாத பொருளில், சூளையில் சுட்ட முத்திரைக்கு வார்னிஷ் எதற்கு என்ற கேள்வி அங்கேயே எழுந்தது. 10 மடங்கு லென்ஸில் பார்த்தபோது, வார்னிஷ் உரிந்திருந்த ஒரு மூலையில் நீலம் பழுப்பாக மாறியிருந்தது. கோபால்ட் நீலத்தைச் சுட்டிருந்தால் ஜாவெல் நீர் அதை ஒன்றும் செய்திருக்காது. காரத்தில் நிறம் கெட்டுப் பழுப்பாவது இரும்பு கலந்த நிறமியான பிரஷ்ய நீலம். முத்திரையின் ஓரத்தில் ஊசித்தலை அளவு இடத்தில் அசிட்டோன் தொட்ட பஞ்சை வைத்ததும் வார்னிஷ் கரைந்து பஞ்சில் நீலம் ஏறியது. சோதனை அதோடு நிறுத்தப்பட்டது. பின்னர், பொருளில் எந்தத் தனிமங்கள் உள்ளன என்று காட்டும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியில் பார்த்தபோது முத்திரையில் இரும்பு இருந்தது, கோபால்ட் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செவ்ரின் 18-ஆம் நூற்றாண்டு பிஸ்க் சிலைகளில் நீலத்தில் தீட்டிய பின்னிய ‘எல்’ எழுத்துகளை எதிர்பார்க்கக் கூடாது. அவை மெருகிட்ட பாத்திரங்களுக்கு உரியவை. சிலைகளில் பெரும்பாலும் முத்திரையே இருக்காது; இருந்தால் களி ஈரமாக இருக்கும்போதே கீறிய ஓர் எழுத்தோ இரண்டோ இருக்கும். மெருகில்லாச் சிலையில் அழகான நீல முத்திரை தெரிந்தால் அதையே முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து உடல். 1760-இல் செவ்ரில் இருந்தது மென்களிப் பீங்கான் மட்டுமே: மணல், வெடியுப்பு, கடல் உப்பு, படிகாரம், ஜிப்சம் முதலியவற்றை உருக்கி அரைத்த கண்ணாடித் தூளோடு சுண்ணாம்புக் கல்லும் சுண்ணக் களிமண்ணும் சேர்ந்த கலவை. அதில் கால்சியம் மிகுதி. நிறத்தில் தந்தத்தின் இளஞ்சூடு தெரியும். கயோலின் என்ற வெண்களிமண் சேர்ந்த வன்களிப் பீங்கான், லிமோஜ் அருகே சேன்-திரியேயில் 1768-இல் கயோலின் கிடைத்த பிறகே அங்கே சாத்தியமானது. இந்தச் சிலையின் நிறம் குளிர்ந்த வெண்மை. கருவியில் கால்சியம் மிகக் குறைவு, அலுமினியமும் பொட்டாசியமும் அதிகம். ஆக இது வன்களி. 1760 என்ற ஆண்டு இந்த ஒன்றிலேயே விழுந்துவிட்டது.

பிறகு செய்முறை. அடித்துளை வழியே சிறு விளக்கும் பல் மருத்துவர் கண்ணாடியும் விட்டுப் பார்த்ததில் உட்சுவர் வழுவழுப்பாக, எங்கும் ஏறக்குறைய 4 மி.மீ. கனத்தில் ஒரே சீராக இருந்தது. களிக்கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, சுவர் கட்டியதும் மிச்சத்தைக் கவிழ்த்து வார்த்ததன் அடையாளம் இது. இந்த முறை 19-ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. ஃபால்கொனே காலத்தில் களியை அச்சில் விரலால் அழுத்துவார்கள். உள்ளே விரல் பதிவும் கனம் கூடிக் குறைவதும் தெரியும்.

கடைசியாக அளவு. ஆவணப்படுத்திய 18-ஆம் நூற்றாண்டுப் படி ஒன்றின் அளவுகளோடு, உச்சி முதல் இருக்கை வரை, முழங்கால் இடைவெளி, தலை உயரம் என்று மூன்றையும் ஒப்பிட்டார்கள். மூன்றும் 12 முதல் 13 சதவீதம் வரை ஒரே விகிதத்தில் சிறுத்திருந்தன. பீங்கான் களி காய்ந்து சுடும்போது சுருங்கும். முடிந்த சிலையிலிருந்து அச்செடுத்து மறுபடி வார்த்தால் நகல் அந்த அளவுக்குச் சிறிதாகும். செவ்ரே ஒரு மாதிரியைப் பல அளவுகளில் செய்ததுண்டு என்பதால் அளவு மட்டும் போதாது. ஆனால் ஆலை சிறிய அளவில் செய்யும்போது மறுபடி உருவமைத்துத் திருத்தும், கூர்மை குறையாது. இங்கே சிறகின் இறகுக் கோடுகள் மழுங்கியிருந்தன, கால் விரல்களின் இடுக்குகள் பாதி நிரம்பியிருந்தன. நகலிலிருந்து எடுத்த நகல்.

முடிவு: 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த பிரெஞ்சு வன்களிப் பீங்கான், ஃபால்கொனே மாதிரியை ஒட்டியது, முத்திரை பின்னர் குளிர்நிலையில், அதாவது சூளையில் சுடாமல் தீட்டியது. எந்த ஆலை என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே அறிக்கையில் எழுதினார்கள்.

பொடியும் வளையமும்

உதிர்ந்த வெண்பொடியில் சிறிது எடுத்துக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, ஒரு துளி நைட்ரிக் அமிலமும் சில துளி வெள்ளி நைட்ரேட்டும் விட்டதும் பால் போல் கலங்கியது. குளோரைடு. ஜாவெல் நீர் தன் வேலையை முடித்ததும் விட்டுச்செல்வது சாதாரண உப்புதான். கெட்டிப்பட்ட வன்களி உடல் அதை அதிகம் உறிஞ்சாது. ஆனால் பிளாஸ்டர் விரல் உறிஞ்சும், சிறகு ஒட்டின் வெடிப்பு உறிஞ்சும், உட்குழியில் நீர் தேங்கும். காற்றில் ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த உப்பு கரைந்து, வெளியே வந்து, படிகமாகி, இருந்த இடத்தை நெட்டித் தள்ளும். சுவரில் உப்புப் பூப்பதும் இப்படித்தான்.

பழுப்பு வளையத்துக்குக் காரணம் ஒட்டின் உள்ளே இருந்தது. காந்தத்தைச் சிறகின் அருகே கொண்டுபோனபோது இழுத்தது. முன்பு யாரோ சிறகை ஒட்டும்போது துளையிட்டு இரும்புக் கம்பி செருகியிருக்கிறார். பல்லாண்டுகள் அது அரக்குக்குள் அமைதியாக இருந்தது. குளோரைடு சென்றதும் துரு வேகமெடுத்தது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கம்பித் துளையிலிருந்து 6 மி.மீ. நீளத்துக்கு மயிரிழை வெடிப்பு தொடங்கியிருந்தது. கறையைவிட இதுதான் அவசரம்.

எடுத்த முடிவுகள்

அடையாளம் தெளிவானதும் வேலையின் கணக்கு மாறியது. முழுச் சீரமைப்புக்கு ஆகும் செலவு சிலையின் சந்தை மதிப்பைத் தாண்டும். கன்சர்வேட்டர் இதை மறைக்காமல் இரண்டு மதிப்பீடுகளாகக் கொடுத்தார்: கம்பி, உப்பு, ஒட்டு ஆகிய மூன்றை மட்டும் சரிசெய்வது ஒன்று, அழுக்கு நீக்கமும் விரலும் சேர்ந்தது மற்றொன்று. ஒன்றும் செய்யாமல் விட்டால் சிறகு விழும், வெடிப்பு தோளுக்குள் போகும் என்பதையும் எழுதிக்கொடுத்தார்.

அண்ணன் வேறொருவரின் கருத்தைக் கேட்டார். அவரும் அதே முடிவைச் சொன்னார். அதன் பின் முத்திரையைப் பட்டியலில் குறிப்பிடாமல் “செவ்ர்” என்று மட்டும் போட முடியுமா என்று ஏலம் நடத்துபவரிடம் கேட்டார். பிரான்சில் கலைப்பொருள் விற்பனையில் சொற்களைக் கட்டுப்படுத்தும் 1981 மார்ச் 3-ஆம் தேதி அரசாணை இருக்கிறது. ஒரு காலத்தின் பெயரைச் சொன்னால் பொருள் அந்தக் காலத்தது என்று விற்பவர் உறுதி தருவதாகப் பொருள். ஒருவரை “ஒட்டிச் செய்தது” என்றால் காலத்துக்கோ கைக்கோ உறுதி இல்லை. “ஃபால்கொனேயை ஒட்டியது, 19-ஆம் நூற்றாண்டு, பொய் முத்திரை, சீரமைக்கப்பட்டது” என்றுதான் போட முடியும் என்று அவர் சொன்னார். அந்த விவரிப்புக்குக் கிடைக்கக்கூடிய விலையைக் கேட்டதும் விற்கும் எண்ணம் கைவிடப்பட்டது. தங்கை அண்ணனின் பாதிப் பங்கை அந்த மதிப்பிலேயே வாங்கிக்கொண்டு முழுச் சீரமைப்பைக் கேட்டார்.

முத்திரையைத் தெளிவாக்க கன்சர்வேட்டர் மறுத்தார். அழிக்கவும் இல்லை. அதுவும் இந்தப் பொருளின் வரலாற்றில் ஒரு பகுதி, யாரோ ஒருவர் விலையேற்றச் செய்த வேலையின் சான்று. அப்படியே விட்டு, படமும் சோதனை முடிவும் அறிக்கையில் சேர்க்கப்பட்டன. இது சரியான முடிவு என்பதே எங்கள் உறுதியான கருத்து.

செய்முறை வரிசை

இந்த நிகழ்வில் மற்றவர்களுக்கு அதிகம் பயன்படக்கூடியது வரிசைதான். ஒவ்வொரு படியும் அடுத்ததற்கு வழிவிட வேண்டும், மாற்றிப்போட்டால் சேதம்.

முதலில் உலர் துப்புரவு. மென்மயிர்த் தூரிகையால் தூசு தட்டி, வல்கனைஸ் செய்த ரப்பர் பஞ்சால் புகைக்கரியை ஒற்றி எடுத்தார்கள். தேய்க்கவில்லை. பிஸ்கைத் தேய்த்தால் கரி குழிகளுக்குள் அழுந்திப் பளபளப்பான சாம்பல் திட்டாகும். பிறகு எதற்கும் அசையாது.

அடுத்து சிறகைப் பிரித்தல். புதிய அரக்கு எத்தனாலில் கரையும். பழையது இறுகிப்போய் ஊறி உப்ப மட்டுமே செய்யும். ஆகவே எத்தனாலும் அசிட்டோனும் சமமாகக் கலந்து நனைத்த பஞ்சை ஒட்டைச் சுற்றி வைத்து, பாலித்தீன் உறையால் மூடி, பஞ்சு உலரும்போதெல்லாம் நனைத்து வந்தார்கள். மூன்றாம் நாள் ஒட்டு இளகியது. பழைய அரக்குக்கு டைகுளோரோமீத்தேன் வேகமாக வேலை செய்யும். ஆனால் உடல்நலக் கேடும் ஐரோப்பிய ஒன்றியக் கட்டுப்பாடும் இருப்பதால் அது எடுக்கப்படவில்லை. தோள்மேல் இருந்த பழைய வண்ணம் இதே கலவையில் நனைத்த சிறு பஞ்சுச் சுருள்களில் உருண்டு வந்தது. அடியில் இருந்த பீங்கானுக்குப் பழுதில்லை.

இடர் வந்தது கம்பியில். வெளியே தெரிந்த நீளத்தை வைத்து 10 மி.மீ. இருக்கும் என்று கணித்திருந்தார்கள். ஊசிப்பிடியால் மெல்லத் திருகியபோது பாதியில் முறிந்தது. தோளுக்குள் இன்னும் 9 மி.மீ. இருந்தது. இழுத்தால் மயிரிழை வெடிப்பு திறக்கும். உள்ளேயே விட்டால் குளோரைடோடு சேர்ந்து துரு தொடரும். எத்தனாலால் நனைத்து, பல் மருத்துவ ஊசியால் கம்பியைச் சுற்றியிருந்த அரக்கையும் துருவையும் துகள் துகளாகச் சுரண்டி, கம்பி தளர்ந்த பின்பே எடுத்தார்கள். பல மணி நேர வேலை. கூடுதல் வெடிப்பு எதுவும் ஏற்படவில்லை.

பிளாஸ்டர் விரலும் இதே கட்டத்தில் நீக்கப்பட்டது. உப்பு நீக்கும் தொட்டியில் பிளாஸ்டரோடு இறக்கக் கூடாது: ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 2 கிராம் ஜிப்சம் கரையும். கரைந்துகொண்டே இருப்பதால், நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் எப்போதும் உயர்ந்தே நிற்கும். உப்பு போய்விட்டதா என்று தெரியவே தெரியாது.

அதன் பின் துருக்கறை. 5 சதவீத அம்மோனியம் சிட்ரேட் கரைசலை, காரமோ அமிலமோ இல்லாத நடுநிலைக்குக் கொண்டுவந்து, காகிதக்கூழில் கலந்து பற்றாகப் போட்டார்கள். பற்றுப் போடுமுன் அந்த இடத்தை வடித்த நீரால் நனைக்க வேண்டும். உலர்ந்த பரப்பில் போட்டால் கரைந்த துரு இன்னும் உள்ளே இறங்கும். நான்கு பற்றுகள் மாற்றியதில் 8 மி.மீ. அகல வளையம் 3 மி.மீ. அகல வெளிர் நிழலாகக் குறைந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழுப்புக் கறை என்றதும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தேடுவது பலருடைய பழக்கம். இரும்பு இருக்கும் இடத்தில் அது கூடாது. இரும்பு பெராக்சைடை வேகமாகச் சிதைக்கும். நுரை பொங்கும், துரு இன்னும் ஆழமாகப் பதியும். இரும்பு போன பிறகுதான் பெராக்சைடு.

அடுத்து ஈரத் துப்புரவு. அயனித்தன்மை இல்லாத சோப்பு 1 சதவீதம் கலந்த வடித்த நீர். மேகத்தின் அடிப்பக்கத்தில் 1 செ.மீ. சதுரத்தில் சோதித்த பின், கீழிருந்து மேலாக வேலை நடந்தது. மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் உலர்ந்த பரப்பில் வழிந்து கோடு போடும். நனைந்த பரப்பில் வழிந்தால் போடாது. பஞ்சுச் சுருளை உருட்டி, ஒரு புரட்டுக்குப் பின் வீசிவிட வேண்டும். தலைமுடிச் சுருள்களுக்கும் இறகுக் கோடுகளுக்கும் மெல்லிய முனையுள்ள நீராவிக் கருவி பயன்பட்டது. வெடிப்பின் அருகே அது கொண்டுபோகப்படவில்லை.

பிறகு உப்பு நீக்கம். முத்திரை மேல் நனைந்த பஞ்சை ஒரு மணி நேரம் வைத்து, நீரில் நிறம் இறங்கவில்லை என்று உறுதி செய்த பின், சிலையையும் சிறகையும் தனித்தனியே வடித்த நீரில் இறக்கினார்கள். நாள்தோறும் நீர் மாற்றம். சிலையின் தொட்டியில் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 310, 140, 62, 31, 19, 15, 14 மைக்ரோசீமன்ஸ் என்று இறங்கியது. அடுத்தடுத்த இரண்டு அளவுகள் ஏறக்குறைய சமமானதும், வெள்ளி நைட்ரேட் கலங்காமல் நின்றதும் நிறுத்தம்.

அரக்கு விட்ட ஆரஞ்சுக் கோட்டுக்கு மட்டும் பெராக்சைடு: 6 சதவீதக் கரைசல் 100 மி.லி.க்கு அம்மோனியா மூன்று துளி, பஞ்சுப் பற்று, மேலே மெல்லிய உறை, இரண்டு மணி நேரம், பின் அலசல். பெராக்சைடு நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும், அம்மோனியா ஆவியாகிவிடும். உப்பு மிஞ்சாது. வெளுப்பதற்கு ஜாவெல் நீரை விட்டு இதை எடுப்பதற்குக் காரணம் இதுவே.

உலர்த்தல் அறை வெப்பத்தில், கம்பி வலைத்தட்டில். 0.1 கிராம் காட்டும் தராசில் மூன்று நாள் தொடர்ந்து ஒரே எடை வரும்வரை காத்திருந்தார்கள். உட்குழி உள்ள சிலை என்பதால் மூன்று வாரம் ஆனது.

ஒட்டும் நிரப்பலும்

சிறகின் எடை 38 கிராம். ஒட்டும் பரப்பு அகலமானது. அதற்குப் புதுக் கம்பி தேவையில்லை. எப்பாக்சி வலுவானதுதான், ஆனால் நீர்த்த எப்பாக்சி பிஸ்க் விளிம்புக்குள் ஊறிக் கருங்கோடு விடும், பின்னாளில் பிரிப்பதும் கடினம். அசிட்டோனில் எடைக்கு 50 சதவீதம் கரைத்த பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின் தேர்வானது. எப்போது வேண்டுமானாலும் அசிட்டோனில் பிரிக்கலாம். விளிம்பிலிருந்து 2 மி.மீ. உள்ளே தள்ளியே பசை இட்டார்கள். பிதுங்கியதை உடனே துடைக்கக் கூடாது. துடைத்தால் பசை பரப்பில் பரவிப் பளபளக்கும். பாகுபோல் இறுகும்வரை விட்டு, அறுவைக் கத்தி முனையால் வழித்தெடுக்க வேண்டும்.

கம்பித் துளையும் விளிம்புச் சில்லுகளும், அதே பாரலாய்டில் கண்ணாடி நுண்கோளங்களும் புகைச் சிலிக்கா என்ற மிக நுண்ணிய தூளும் டைட்டேனியம் வெண்மையும் மிகச் சிறிது மஞ்சள் காவியும் சேர்த்த கலவையால் நிரப்பப்பட்டன. சிலிக்கா பளபளப்பைக் கொன்று, பீங்கானைப் போல் ஒளியைச் சற்று உள்ளே விடும். பிஸ்குக்கு மேல்வண்ணம் அடித்து ஒட்டை மறைப்பது தோல்வியில்தான் முடியும். நிறத்தை நிரப்பலுக்குள்ளேயே கலக்க வேண்டும். விரலைத் தனியே வார்த்து, மேசையில் வைத்தே இழைத்துத் திருத்தி, கடைசியில் ஒட்டினார்கள். சிலைமேல் வைத்து இழைத்தால் தூள் சுற்றுப் பரப்பில் அடைந்துகொள்ளும். பழைய பிளாஸ்டர் விரல் தடித்துக் கோணலாக இருந்தது. ஆவணப் படங்களைப் பார்த்துச் செய்த புதியது மெலிந்தது. கையெட்டும் தூரத்தில் தெரியாது, அருகே வைத்துப் பார்த்தால் தெரியும். அப்படி இருக்க வேண்டும் என்பதே தங்கையோடு செய்த உடன்பாடு.

தொடர்ந்து நடந்தது

ஓராண்டுக்குப் பின் சிலை மறுபடி பார்க்கப்பட்டது. வெண்பொடி இல்லை. புற ஊதா ஒளியில் ஒட்டு சீராக இருந்தது, மயிரிழை வெடிப்பு நீளவில்லை. சிறகு வேரின் வெளிர் நிழல் அப்படியே இருந்தது. அதை மேலும் குறைக்க இன்னொரு பற்றுப் போட்டால் வெடிப்பில் ஈரம் ஏறும் என்பதால் தொடவில்லை. பாரலாய்டு 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும். ஆகவே கணப்பு மேல்தட்டுக்குச் சிலை திரும்பவில்லை. வெயில் படாத அலமாரியில், புதுக் கண்ணாடிக் கவிகைக்குள் இருக்கிறது. தூக்கும்போது இரண்டு கையாலும் மேகத்தைப் பிடிக்க வேண்டும், சிறகையோ கையையோ பிடிக்கக் கூடாது என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது.

மாற்ற வேண்டியவை

காந்தம் இழுத்த உடனே எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்திருக்க வேண்டும். செலவைக் குறைக்க அது தவிர்க்கப்பட்டது. கம்பியின் நீளமும் சாய்வும் முன்கூட்டித் தெரிந்திருந்தால் திருகவே முயன்றிருக்க மாட்டார்கள். தொடக்கத்திலிருந்தே சுரண்டி எடுத்திருப்பார்கள், முறிவும் அந்த ஆபத்தும் நேர்ந்திருக்காது. இனி இரும்பு உள்ள எந்த ஒட்டுக்கும் படம் கட்டாயம் என்று அந்தப் பட்டறையில் விதி வைத்திருக்கிறார்கள்.

உரிமையாளர் வீட்டில் ஏற்கனவே என்ன செய்தார் என்பதை எழுத்தில் கேட்பதும் இப்போது முதல் படி. இந்த வழக்கில் ஜாவெல் நீரின் கதை முதல் சந்திப்பில் வெளிவரவில்லை. உப்புச் சோதனைக்குப் பிறகு கேட்டபோதுதான் தங்கை சொன்னார். புதிய படிவத்தில் எந்தத் திரவம், எவ்வளவு நேரம், எந்த நீரில் அலசல், எப்படி உலர்த்தல் என்று நான்கு கேள்விகள் சேர்ந்திருக்கின்றன.

நீக்கிய கம்பித் துண்டுகள் இரண்டும், பிளாஸ்டர் விரலும், அரக்குச் சில்லும் பெயரிட்ட உறைகளில் அறிக்கையோடு தங்கையிடம் கொடுக்கப்பட்டன.